கொழும்பில் ஹோட்டல் அறைக்கு இணையத்தில் ஒரு விலை, பில்லில் இன்னொரு விலை. ஏன் இப்படி?

நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் இருந்து விசா, வைத்தியம் என்று சொந்தக்காரர் யார் வந்தாலும் அறை பார்த்துக் கொடுப்பது நான்தான். அதனால் இதில் பட்ட அனுபவம் உண்டு.

பெரியப்பாவின் கண் ஒப்பரேஷனுக்கு வந்தபோது, கொள்ளுப்பிட்டிப் பக்கம் ஒரு ஹோட்டலில் ஓர் இரவு 20,000 ரூபாய் என்று பார்த்துப் பதிந்தேன். காலையில் பில் 25,960. பெரியம்மா ஒன்றும் பேசவில்லை. கைப்பையைத் திறந்து, கைலேஞ்சியில் முடிந்து வைத்திருந்த மருந்துக் காசை எண்ணத் தொடங்கிவிட்டார். எனக்கு அந்த இடத்தில் நிற்கவே முடியவில்லை.

விலைக்குப் பக்கத்தில் சின்னதாக ++ என்று இருந்திருக்கிறது. ஒரு கூட்டல் சேவைக் கட்டணம், மற்றது வரி. 10 வீத சேவைக் கட்டணத்தோடு 22,000 ஆகும். வற் எனப்படும் பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியில் இருந்து 18 வீதம். அது 20,000 ரூபாய்க்கு அல்ல, அந்த 22,000 ரூபாய்க்கு விழுகிறது, 3,960. பத்தும் பதினெட்டும் இருபத்தெட்டு என்று மனக்கணக்குப் போட்டாலும் பிழைக்கும், கிட்டத்தட்ட 30 வீதம் கூடும். சில பில்களில் 2.5 வீத சமூகப் பாதுகாப்பு வரியும் தனியாக வரும். ஆனால் வற் பதிவு இல்லாத சின்ன லொட்ஜ் உங்களிடம் வற் அறவிட முடியாது. பில்லில் வற் இலக்கம் இருக்கிறதா என்று பாருங்கள்.

வெளிநாட்டில் இருந்து வரும் உறவினருக்குப் பதிகிறீர்கள் என்றால் இன்னொன்று. பல ஹோட்டல்களில் உள்ளூர்வாசிக்கு ஒரு விலை, வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்கு வேறு விலை. உங்கள் அடையாள அட்டையைக் காட்டிப் பதிந்துவிட்டு, கனடாவில் இருந்து வந்த சித்தப்பாவை அனுப்பினால் கவுண்டரில் விலை மாறும். தங்கப்போவது யார் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நான் இப்போது பதிய முன்னர் ஹோட்டலுக்கு நேரே வாட்ஸ்அப்பில் கேட்கிறேன்: "சேவைக் கட்டணம், வரி எல்லாம் சேர்த்து, காலைச் சாப்பாட்டோடு மொத்தம் எவ்வளவு?" தொலைபேசியில் சொன்னால் போதாது, எழுத்தில் வேண்டும். அப்படி எழுதித் தந்த பிறகும் அதைவிட அதிகமாகக் காசு கேட்டால், பாவனையாளர் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம். எனக்கு அதுவரை போகவேண்டி வரவில்லை. போன மாதம் மாமி தங்கியபோது பில்லில் 3,000 கூடியிருந்தது. அந்த மெசேஜைக் காட்டினேன், கவுண்டரில் இருந்த தம்பி மனேஜரிடம் கேட்டுவிட்டு வந்து புதிய பில் அடித்துத் தந்தார்.