மஞ்ச நோட்டீஸ் குடுத்தா கோர்ட் போட்ட கடனும் போயிடுமா?

கேள்வி: திருப்பூர்ல ஜாப் ஒர்க் யூனிட் வச்சிருந்தேங்க, நஷ்டமாகி மூடிட்டேன். புரோநோட்டு கடன் 6 லட்சத்துக்கு என் மேல டிக்ரி (கட்டச் சொல்லி கோர்ட் தீர்ப்பு) ஆயிடுச்சு, அதுக்கு மச்சான் ஜாமீன். ஜிஎஸ்டி பாக்கி வேற. பிரிஞ்சு இருக்கற மனைவிக்கு மாசம் 8,000 ஜீவனாம்சம்னு ஆர்டர். மஞ்ச நோட்டீஸ் குடுத்தா எல்லாம் க்ளியர்னு ஃப்ரெண்டு சொல்றார், நிஜமா?

பதில்: கால்வாசி நிஜம்ங்க. மஞ்ச பேப்பர்ல வக்கீல் நோட்டீஸ் அனுப்பறதோட கதை முடியாது, சப் கோர்ட்ல ஐ.பி., அதாவது திவால் மனு போடணும். உங்க ஊருக்கு இன்னும் 1920ஆம் வருஷத்து மாகாண திவால் சட்டம்தான், 2016ல வந்த புது சட்டம் கம்பெனி கடனுக்கு ஜாமீன் நின்னவங்களைத் தாண்டி நம்மள மாதிரி ஆளுங்ககிட்ட வரல.

கோர்ட் ஆர்டர் இருக்கா இல்லையாங்கறது இதுல பெரிய விஷயமே இல்ல, அந்த கடன் எப்படி வந்துச்சுன்னுதான் பார்ப்பாங்க. புரோநோட்டு டிக்ரி சாதாரண கடன், கடன்லருந்து விடுதலைன்னு கோர்ட் ஆர்டர் கிடைச்சா போயிடும். ஆனா அந்த 1920 சட்டத்தோட 44வது பிரிவு சிலதை விடாது: அரசாங்கத்துக்கு கட்ட வேண்டியது, ஏமாத்தி வாங்கினது, ஜீவனாம்சம். அதனால ஜிஎஸ்டியும் அந்த 8,000மும் உங்க தலையிலதான். வருமானம் போயிடுச்சுன்னா ஜீவனாம்சத்தை குறைக்கச் சொல்லி அந்த கோர்ட்லயே தனியா மனு போடுங்க, கட்டாம சும்மா விட்டீங்கன்னா வாரண்ட்ல உள்ள போக வேண்டி வரும், அதுக்கு ஐ.பி. காப்பாத்தாது.

இன்னொண்ணு நிறைய பேர் கோட்டை விடறது. திவாலானவர்னு கோர்ட் அறிவிக்கறது வேற, கடன்லருந்து விடுதலை வேற. அறிவிச்சப்புறம் கோர்ட் சொன்ன கெடுவுக்குள்ள விடுதலைக்கு மனு போடலைன்னா அறிவிப்பே ரத்தாகி பழையபடி அமீனா வாசல்ல நிப்பார். என்கிட்ட வந்த ஒருத்தர் ஐ.பி. போடறதுக்கு கொஞ்சம் முன்னாடி வீட்டை மாமியார் பேருக்கு தானம் எழுதி வச்சு பெரிய சாமர்த்தியம்னு நினைச்சார், மனு போடறதுக்கு முந்தின ரெண்டு வருஷத்துக்குள்ள அப்படி எழுதினதை, ரிசீவர் (சொத்தைப் பார்த்துக்க கோர்ட் போடற ஆள்) கேட்டா கோர்ட் ரத்து பண்ணலாம்னு சொன்னதும் மனுஷன் முகமே செத்துப் போச்சு. தயவுசெஞ்சு அந்த வேலை வேண்டாம்.

என்னைக் கேட்டா ஒரே ஒரு டிக்ரிக்காக ஐ.பி. வேண்டாம்பேன். டிக்ரி வாங்கினவர் சம்மதிச்சா கோர்ட் மூலமாவே தவணை கட்டலாம், 6 லட்சத்தை மாசம் 10,000னா 5 வருஷம், வட்டியை விட்டுக் குடுக்கச் சொல்லி பேசிப் பாருங்க. இந்த டிக்ரிக்காக ஜெயிலுக்கு பயப்படாதீங்க, நிஜமாவே கையில இல்லாதவனை கடனுக்காக உள்ள தள்ளக் கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட் 1980லயே சொல்லிடுச்சு, வச்சுக்கிட்டே கட்டாதவனுக்குத்தான் அது.

அப்புறம் உங்க மச்சான். உங்களுக்கு விடுதலை கிடைச்சாலும் ஜாமீன் போட்டவருக்கு கிடைக்காது, முழு 6 லட்சத்துக்கும் அவர்கிட்ட போவாங்க. வக்கீலைப் பார்க்கறதுக்கு முன்னாடி அவர்கிட்ட உக்காந்து பேசிடுங்க, கோர்ட் நோட்டீஸைப் பார்த்து அவர் தெரிஞ்சுக்கற மாதிரி வச்சுக்காதீங்க.