ஏழாம் மாதம், ஏழாம் இரவு: சீனரின் காதல் திருநாள் பற்றிய கேள்வி பதில்

சீனரின் சந்திர நாட்காட்டியில் ஏழாம் மாதத்து ஏழாம் நாள் இரவுக்குச் ‘சீஷி’ என்று பெயர். ஆங்கில நாட்காட்டியில் அது பெரும்பாலும் ஆகஸ்டில் வருகிறது. வானுலக நெசவுப்பெண்ணும் மண்ணுலக மாட்டுக்காரனும் ஆண்டுக்கு ஒருமுறை சந்திக்கும் இரவு என்பது நம்பிக்கை. இந்த நாளைப் பற்றி வந்த கேள்விகளை, ஒன்றிலிருந்து மற்றொன்று தொடரும்படி வரிசைப்படுத்திப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (திருச்சி, கல்லூரி மாணவி): ஐயா, இந்தக் கதையை ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு விதமாகப் படிக்கிறேன். ஓரிடத்தில் அவளுடைய ஆடையை அவன் ஒளித்து வைக்கிறான். வேறோரிடத்தில் கடமை தவறியதற்காக இருவரையும் பிரித்துவிடுகிறார்கள். எது மூலக்கதை?

பதில்: இன்று சீனக் குழந்தைகள் கேட்டு வளரும் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். பெற்றோரை இழந்து, அண்ணன் அண்ணியிடம் அல்லல்பட்டு, கிழட்டு மாடு ஒன்றை மட்டும் பங்காகப் பெற்று வெளியேறிய ஓர் இளைஞன். அவன் பெயரே நியுலாங், அதாவது மாட்டுக்காரன். ஒருநாள் அந்த மாடு வாய் திறந்து பேசி, வானுலகப் பெண்கள் நீராடும் இடத்தைக் காட்டுகிறது. அவன் ஒருத்தியின் ஆடையை எடுத்து ஒளித்து வைக்கிறான். மேகங்களை நெய்யும் அந்தப் பெண் ஜிநியூ அவனை மணந்து, ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக இரண்டு பிள்ளைகளைப் பெறுகிறாள். செய்தி அறிந்த வானரசி அவளை இழுத்துச் செல்கிறாள். இறக்கும் தறுவாயில் மாடு சொல்லிவிட்டுப் போனபடி அதன் தோலைப் போர்த்திக்கொண்டு, காவடியின் இரு பக்கக் கூடைகளிலும் பிள்ளைகளை உட்கார வைத்து, அவன் வானத்தில் ஏறித் துரத்துகிறான். எட்டிப் பிடிக்கப்போகும் நேரத்தில் வானரசி தன் கொண்டை ஊசியை உருவி ஒரு கோடு கிழிக்கிறாள். அந்தக் கோடு ஆறாகிறது. நாம் ஆகாயகங்கை என்று சொல்லும் பால்வீதி அதுதான். இருவரின் அழுகையைக் கண்டு இரங்கிய மேக்பை பறவைகள் ஆண்டுக்கு ஒருமுறை கூட்டமாகப் பறந்து வந்து ஆற்றின் மேல் பாலம் ஆகின்றன. மேக்பை காக்கை இனத்துப் பறவை. நம் ஊர் வால்காக்கைக்கு உறவு. அந்தப் பருவத்தில் அதன் தலையில் இறகு உதிர்ந்திருப்பதைப் பார்த்து, காதலர் மிதித்து நடந்த தடம் என்பார்கள்.

நீங்கள் குறிப்பிட்ட மற்றக் கதை இதைவிட எளியது. ஆற்றின் கீழ்க்கரையில் நெசவுப்பெண் ஓயாமல் தறியில் உழைக்கிறாள். அவளுடைய தனிமையைக் கண்டு மனமிரங்கிய வானரசன் மேற்கரை மாட்டுக்காரனுக்கு அவளை மணம் முடித்துக் கொடுக்கிறான். மணமானபின் அவள் தறிப்பக்கமே போகவில்லை. சினம் கொண்ட அரசன் அவளைப் பழைய கரைக்கே திருப்பி அழைத்து, ஆண்டுக்கு ஓரிரவு மட்டும் சந்திக்க அனுமதிக்கிறான். பேசும் மாடும் இதில் இல்லை, ஒளித்து வைத்த ஆடையும் இல்லை. ஆடையை ஒளிக்கும் நிகழ்ச்சி வேறொரு கதைமரபைச் சேர்ந்தது. 4ஆம் நூற்றாண்டில் கான் பாவோ தொகுத்த விந்தைக் கதைகளில், இறகாடையை இழந்து மனிதனை மணக்க நேர்ந்த பெண்ணின் கதை தனியாகவே இருக்கிறது. அது பின்னாளில் நெசவுப்பெண்ணின் கதையோடு வந்து கலந்துவிட்டது. இக்கதையைப் படிக்கும் இன்றைய இளம்பெண்ணுக்கு அந்த ஆடைத் திருட்டு உறுத்தினால் அது நியாயமான உறுத்தல்தான்.

கேள்வி (சென்னை, ஓய்வுபெற்ற ஆசிரியர்): தொடக்கத்திலிருந்தே இது காதல் கதைதானா? எவ்வளவு பழமை?

பதில்: இல்லை ஐயா, தொடக்கத்தில் காதலே இல்லை. நெசவுப்பெண், மாடு என்பவை முதலில் வானத்து விண்மீன்களின் பெயர்கள். சீனத்தின் மிகப் பழைய பாடல் தொகுப்பான ஷிஜிங்கில் அந்த இரண்டு விண்மீன்களும் வருகின்றன. ஆனால் அந்தப் பாட்டு, மேற்கே இருந்த சோவ் அரசுக்குப் பொருளெல்லாம் கொடுத்து நொந்துபோன கிழக்கத்தி மக்களின் புலம்பல். வானத்தில் நெசவுப்பெண் இருக்கிறாள், துணி எதுவும் நெய்து தரவில்லை. மாடு மினுங்குகிறது, வண்டி இழுக்கவில்லை என்று பாடுகிறது. பெயரளவில் உயரத்தில் இருந்துகொண்டு ஒன்றுக்கும் உதவாத ஆட்சியாளரைச் சுட்டுவதே நோக்கம். அவள் ஒரு பக்கம், மாடு ஒரு பக்கம். உறவு ஏதும் இல்லை.

இருவரையும் கணவன் மனைவியாகச் சொல்லும் சான்று, 1975இல் ஹூபெய் மாநிலத்தில் ஷுய்ஹூதி என்ற இடத்தில் ஒரு கல்லறையைத் தோண்டியபோது கிடைத்தது. கி.மு. 217இல் அடக்கம் செய்யப்பட்ட சின் அரசின் சிற்றதிகாரி ஒருவருடைய கல்லறை அது. உடலைச் சுற்றிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மூங்கில் ஏடுகள் இருந்தன; அவற்றில் நல்ல நாள், கெட்ட நாள் பார்க்கும் ஏடுகளும் உண்டு. நம் பஞ்சாங்கம் போலவே அவை திருமணத்துக்கு ஆகாத நாட்களைக் குறிக்கின்றன. குறிப்பிட்ட இரு நாட்களில் மாட்டுக்காரன் நெசவுப்பெண்ணை மணந்தான், அது கைகூடவில்லை, ஆகவே அந்நாட்களைத் தவிர்க்க வேண்டும் என்பது செய்தி. இன்று இணையர்கள் திருமணப் பதிவுக்கென்று தேடிவரும் ஒரு திருநாளின் நாயகனும் நாயகியும், முதன்முதலில் நமக்குக் கிடைப்பது ‘இந்த நாளில் மணம் முடிக்காதே’ என்ற எச்சரிக்கையில். இந்தச் செய்தியை முதலில் படித்தபோது நான் வெகுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிரிவுத்துயர் முழு உருவம் பெறுவது, சின் அரசை அடுத்து வந்த ஹான் அரசமரபின் காலத்துப் பாடல் ஒன்றில். அவள் மெல்லிய வெண்கையால் தறியில் நாடாவைத் தள்ளுகிறாள், நாள் முழுவதும் நெய்தும் துணி உருவாகவில்லை, கண்ணீர்தான் வழிகிறது. ஆறு தெளிவாகவும் ஆழமற்றும் இருக்கிறது, ஆனாலும் ஒரு சொல் பேச முடியவில்லை என்று அந்தப் பாட்டு முடிகிறது. ஷிஜிங்கில் குற்றச்சாட்டாக இருந்த அதே ‘நெய்யாத துணி’, இங்கே துயரத்தின் அடையாளமாகிவிட்டது.

கேள்வி (சேலம், கைத்தறி நெசவாளர்): தறிக்காரப் பெண்ணின் திருநாள் என்கிறீர்கள். அன்று நெசவு சார்ந்த வழிபாடு ஏதாவது உண்டா?

பதில்: உண்டு. நெடுங்காலம் இந்த நாளின் உயிரே அதுதான். ‘கைத்திறம் வேண்டுதல்’ என்ற பொருள்படும் ‘சீச்சியாவ்’ என்பது இந்த நாளின் மற்றொரு பெயர். யாங்ட்சி ஆற்றின் நடுப்பகுதியில் நிலவிய வழக்கங்களை 6ஆம் நூற்றாண்டில் பதிவு செய்த சோங் லின், பெண்கள் வண்ண நூல் கட்டி ஏழு துளையுள்ள ஊசியில் நூல் கோப்பதையும், முற்றத்தில் பழங்களைப் படைத்து, பூசணி வகைக் காய்மேல் சிலந்தி வலை பின்னினால் வேண்டுதல் பலித்ததாகக் கொள்வதையும் எழுதியிருக்கிறார். பிற்காலத்தில் சிலந்தியைச் சிறு பெட்டியில் அடைத்து, விடிந்ததும் திறந்து வலையின் நெருக்கத்தைப் பார்த்தார்கள். மிங் அரசமரபின் காலத்துப் (14–17ஆம் நூற்றாண்டு) பெய்ஜிங்கில், கிண்ணத்துத் தண்ணீரை வெயிலில் வைத்து, மேலே மெல்லிய படலம் கட்டியபின் ஓர் ஊசியை மெதுவாக மிதக்கவிடுவார்கள். கிண்ணத்தின் அடியில் விழும் நிழல் பூவாகவோ மேகமாகவோ பறவையாகவோ தெரிந்தால் அந்தப் பெண்ணுக்குக் கைத்திறம் கிடைத்துவிட்டது. உலக்கை போலத் தடித்திருந்தால் கிடைக்கவில்லை. இழையின் மேல் கண்ணும் விரலும் ஒருங்கே நிற்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததா? அதைத்தான் அந்தப் பெண்கள் வானத்துத் தறிக்காரியிடம் கேட்டார்கள்.

கேள்வி (சிங்கப்பூர், இல்லத்தரசி): ஜப்பானில் ஜூலை 7இல் மூங்கிலில் வண்ணச் சீட்டு கட்டுகிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

பதில்: ஒரே வேர்தான் அம்மா. அங்கே அதற்குத் தனபாதா என்று பெயர். 1873இல் ஜப்பான் ஆங்கில நாட்காட்டிக்கு மாறியபோது பல ஊர்கள் ஜூலை 7ஐ எடுத்துக்கொண்டன. அது மழைக்காலம் முடியாத நேரம் என்பதால் விண்மீன்கள் பெரும்பாலும் தெரிவதில்லை. செண்டாய் நகரம் ஒரு மாதம் தள்ளி ஆகஸ்ட் 6 முதல் 8 வரை கொண்டாடுகிறது.

எனக்கு மிகவும் பிடித்த வேறுபாடு ஒன்றைச் சொல்ல வேண்டும். சீனப் பாடல்களில் ஆற்றைக் கடப்பவள் பெரும்பாலும் பெண். மணப்பெண் கணவன் வீட்டுக்குப் போவதுபோல் அவள் பாலத்தில் நடந்து போகிறாள். 8ஆம் நூற்றாண்டு ஜப்பானியத் தொகுப்பான மன்யோஷூவில் இந்த இரவைப் பற்றி நூற்றுக்கு மேற்பட்ட பாடல்கள் உள்ளன; அவற்றில் பெரும்பாலும் ஆண்தான் படகு வலித்துக்கொண்டு வருகிறான், அவள் கரையில் துடுப்பின் ஓசைக்குக் காத்திருக்கிறாள். அக்கால ஜப்பானில் கணவன் மனைவியின் வீட்டுக்கு இரவில் வந்து போகும் வழக்கம் இருந்ததே காரணம். கொரியாவில், இன்று வட கொரியாவில் உள்ள தொக்ஹுங்ரி கல்லறையில், 408ஆம் ஆண்டைச் சேர்ந்த சுவரோவியத்தில், அவன் மாட்டை இழுத்துக்கொண்டு போகிறான், அவள் பின்னே நிற்கிறாள், நடுவே பால்வீதி.

கேள்வி (கோவை, மென்பொருள் பணியாளர்): அப்படியானால் ‘சீனக் காதலர் தினம்’ என்ற பெயர் வியாபாரிகள் உண்டாக்கியதா?

பதில்: பெயர் புதியது, பூவும் சாக்லேட்டும் விற்பதற்கு அது நன்றாகவே பயன்படுகிறது. சீன அரசு 2006இல் இந்நாளைத் தேசிய மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் இந்த இரவில் காதல் நேற்று வந்ததும் இல்லை. பாய் ஜூயி 806இல் எழுதிய நெடும்பாடலில், தாங் பேரரசர் ஷுவான்சோங்கும் அவருடைய காதலி யாங் குய்ஃபெயும் இதே ஏழாம் இரவில், நள்ளிரவில், வானத்தில் இணைசிறகுப் பறவைகளாகவும் மண்ணில் கிளை பிணைந்த மரங்களாகவும் இருப்போம் என்று ஆணையிட்டுக்கொள்கிறார்கள். சோங் அரசமரபின் காலத்துக் கவிஞர் சின் குவான், அன்பு நிலைக்குமானால் ஒவ்வொரு காலையும் மாலையும் உடனிருந்தே ஆகவேண்டுமா என்று கேட்டார். கடலுக்கு அப்பால் வேலை பார்ப்பவர்களின் குடும்பங்களுக்கு அந்தக் கேள்வியின் கனம் தெரியும்.

கேள்வி (நாகர்கோவில், பள்ளி மாணவர்): அன்றைக்கு அந்த இரண்டு விண்மீன்களும் உண்மையில் நெருங்கி வருமா?

பதில்: வராது தம்பி. அவள் வேகா, நம்மிலிருந்து 25 ஒளியாண்டு தொலைவு. அவன் அல்டேர், ஏறத்தாழ 17 ஒளியாண்டு. இருவருக்கும் இடையே சுமார் 15 ஒளியாண்டு இருக்கிறது. ஒளியின் வேகத்தில் புறப்பட்டாலும் ஓரிரவில் போய்ச்சேர முடியாது. மேக்பை பாலத்தின் பெயர் மட்டும் விண்வெளிக்குப் போயிருக்கிறது: நிலவின் மறுபக்கத்தில் இறங்கிய சாங்-ஏ 4 கலத்தின் செய்திகளைப் பூமிக்குக் கடத்த 2018இல் சீனா ஏவிய செயற்கைக்கோளின் பெயர் ‘சுவேச்சியாவ்’, அதாவது மேக்பை பாலம்.

கேள்வி (தஞ்சாவூர், கோயில் பணியாளர்): நம் ஊரிலிருந்து அவற்றைப் பார்க்க முடியுமா? நம்மவர்கள் அவற்றுக்குப் பெயர் வைத்திருக்கிறார்களா?

பதில்: தாராளமாகப் பார்க்கலாம். ஆகஸ்ட் பிற்பகுதியில் இரவு ஒன்பது, பத்து மணிக்கு மொட்டைமாடிக்குப் போய் அண்ணாந்து பாருங்கள். ஏறக்குறைய உச்சியில் நிற்பது அல்டேர். வடக்கே, சற்றுத் தாழ்வாக, அதைவிடப் பளிச்சென்று தெரிவது வேகா. ஏழாம் நாள் பிறை நள்ளிரவை ஒட்டி மறைந்துவிடும். ஊர் விளக்கு குறைந்த வயற்பக்கமாக இருந்தால் அதன்பின் இரண்டுக்கும் நடுவே பால்வீதி மங்கலாகத் தெரியும்.

வேகாவை நம் மரபு அபிஜித் என்று சொல்லும். அல்டேரை நீங்கள் நாள்தோறும் பஞ்சாங்கத்தில் வாசிக்கிறீர்கள். அது திருவோண நட்சத்திரம். அதற்கு இருபுறமும் ஒன்றாக இரண்டு சிறு விண்மீன்கள், மூன்றும் ஒரே கோட்டில் நிற்கும். திருமாலுக்குரிய அந்த மூன்றையும் உலகளந்தவன் வைத்த மூன்று அடிகளாக நம்மவர்கள் கண்டார்கள். சீனத்துப் பாட்டிமார் அதே மூன்றைக் காட்டித் தங்கள் பேரப்பிள்ளைகளுக்குச் சொன்னார்கள்: நடுவில் அப்பா, தோளில் காவடி, இந்தக் கூடையில் ஒரு பிள்ளை, அந்தக் கூடையில் ஒரு பிள்ளை.