செவ்ர் தட்டில் யாராவது சாப்பிட்டார்களா?

அன்புள்ள ஐயா,

லண்டன் அருங்காட்சியகமான வாலஸ் கலெக்‌ஷனில் பிரான்ஸின் செவ்ர் பீங்கான்களைப் பார்த்தேன். ரஷ்யப் பேரரசி காதரீனுக்காகச் செய்த ஐஸ்கிரீம் பாத்திரமும் அங்கே இருக்கிறது. என் கண்ணுக்கு ஒரு கீறல்கூடத் தெரியவில்லை. இதிலெல்லாம் யாராவது சாப்பிட்டார்களா, வெறும் பெருமைக்குத்தானா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

சாப்பிட்டார்கள். 18ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சுப் பெருவிருந்துகளில் சூப்பும் இறைச்சியும் பெரும்பாலும் வெள்ளிப் பாத்திரத்தில்தான் வரும். அப்புறம் பழம், இனிப்பு, ஐஸ்கிரீம் என்று வரும்போதுதான் பீங்கானின் முறை. கத்திக்கு அங்கே அதிக வேலையில்லை.

நீங்கள் பார்த்த அந்தப் பாத்திரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் இருக்கும் வாளியில் ஐஸ்கட்டி, அதற்குள் இறங்கும் கிண்ணத்தில் ஐஸ்கிரீம், மூடியின் குழிவில் மறுபடி ஐஸ்கட்டி. மேலும் கீழும் குளிர் கொடுத்து உருகாமல் காக்கும் ஏற்பாடு. அலமாரியில் வைப்பதற்கு மட்டும் என்றால் இவ்வளவு யோசித்திருக்க மாட்டார்கள்.

காதரீன் 1776இல் கேட்டது 60 பேருக்கான செட். 1779இல் அனுப்பினார்கள். விலை அன்றைய பிரெஞ்சுப் பணத்தில் 3 லட்சம் லிவ்ருக்கும் மேல். பிரான்ஸின் லிமோஜ் அருகே 1768லேயே கயோலின் என்ற வெள்ளைக் களிமண் கிடைத்து, கடினப் பீங்கான் செய்ய வழி பிறந்திருந்தது. ஆனாலும் இந்த செட்டுக்குக் கயோலின் கலக்காத பழைய மென்பீங்கானையே எடுத்தார்கள். செட்டின் பச்சை கலந்த நீலம் அதில்தான் சரியாகப் பிடிக்கும். மென்பீங்கானோ சூளையில் சட்டென்று கோணிக்கொள்ளும். ஒவ்வொன்றும் மெருகுக்கு, நிறத்துக்கு, ஓவியத்துக்கு, கடைசியில் பொன்பூச்சுக்கு என்று திரும்பத் திரும்ப நெருப்புக்குள் போய்வர வேண்டும். அந்த விலையில் பெரும்பங்கு இந்த உழைப்புக்கும் சேதத்துக்கும் உரியது என்றே நான் நினைக்கிறேன்.

பெருமைக்கும் குறைவில்லை. 1759இல் செவ்ர் தொழிற்சாலை பிரெஞ்சு மன்னர் 15ஆம் லூயிக்குச் சொந்தமானது. ஆண்டு முடிவில் வெர்சாய் அரண்மனையில் தன் அறைகளிலேயே பீங்கானை விற்பனைக்கு வைப்பார். மன்னரே கடை விரித்தால் அரசவையில் யார் வாங்காமல் நழுவ முடியும்? பிற நாட்டு அரசர்களுக்குப் பரிசாகவும் செவ்ர் போனது. புதுச்சேரியில் கப்பலேறிப் பாரிஸ் போன திப்பு சுல்தானின் தூதர்களுக்கும் 1788இல் செவ்ர் பீங்கான் பரிசாகக் கிடைத்தது.

அடுத்த முறை போனால், தட்டின் அடிப்பக்கம் தெரிகிறதா என்று பாருங்கள். பின்னிக்கொண்ட இரண்டு ‘எல்’ மன்னரின் முத்திரை. அதோடு ஆண்டைக் குறிக்கும் ஓர் எழுத்து. அருகிலேயே சின்னதாக இன்னொரு குறி இருந்தால் அது பெரும்பாலும் ஓவியருடையது. தொழிற்சாலையின் பழைய பதிவேடுகளை வைத்துப் பலரை அடையாளம் கண்டிருக்கிறார்கள். விளக்க அட்டையில் காதரீன் பெயரோடு நிறுத்திவிடாமல் அந்த ஓவியரின் பெயரையும் தேடிப் படியுங்கள்.