‘சரிங்க’வும் ‘சாப்’பும்

அன்புள்ள ஐயா,

கோபிச்செட்டிபாளையம் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். என் தம்பி மெட்ராஸ் ரெஜிமெண்டில் சிப்பாய். வெலிங்டனில் பயிற்சி முடித்து நாலு வருஷம் ஆகிறது. பண்ணாரி குண்டத்துக்கு லீவில் வந்திருந்தான். ஒருநாள் ராத்திரி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது யூனிட்டிலிருந்து போன். எச்சில் கையோடு எழுந்து விறைப்பாக நின்று ‘ஜி சாப், ஜி சாப்’ (சரிங்க ஐயா) என்றான். எதிரே சுவர்தான் இருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவனுடைய சுபேதாருக்கு நாற்பத்தைந்து வயதாம். இருபத்துமூன்று வயது லெப்டினன்ட்டுக்கு அவர் சல்யூட் அடிக்கிறாராம். அடுத்த மாதம் அப்பாவுக்கு மூட்டு ஆபரேஷன். லீவு கேட்க நேராக அதிகாரியிடம் போகக்கூடாது, ஒவ்வொருவராகச் சொல்லித்தான் போகவேண்டும் என்கிறான். பெத்த அப்பனுக்கு முடியலைன்னு சொல்லக்கூட வரிசையா? மனுசனை மனுசன் இப்படி நடத்தலாமா?

— ஒரு அக்கா

அன்புள்ள அம்மிணி,

என் அப்பாவும் அப்படி நின்றவர்தான். சுபேதாருக்குக் கீழ்ப் பதவியான ஹவில்தாராக ஓய்வு பெற்று பதினைந்து வருஷம் கழித்து அவருடைய பழைய கம்பெனி கமாண்டர் போன் செய்தார். மடித்துக் கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்து இறக்கிவிட்டு, திண்ணையை விட்டு எழுந்து நின்றுதான் அப்பா பேசினார். பக்கத்திலிருந்து பார்த்தேன். முகத்தில் பயம் இல்லை. சம்பந்தி வீட்டுப் பெரியவரிடம் பேசுகிறபோது வருகிற குரல்தான் வந்தது. உங்கள் தம்பியின் முகம் எப்படி இருந்தது என்று நீங்கள் எழுதவில்லை. அடுத்த முறை அதைக் கவனியுங்கள்.

சுபேதார் விஷயத்துக்கு வருகிறேன். அவர் தோளில் இரண்டு நட்சத்திரம். லெப்டினன்ட் தோளிலும் இரண்டே நட்சத்திரம். சுபேதாருக்கு நட்சத்திரங்களோடு ஒரு ரிப்பன் பட்டை கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான் வெளிப்பார்வைக்கு வித்தியாசம். அந்தப் பட்டைக்குப் பின்னால் ஒரு பழைய கதை இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் அதிகாரிக்கு நம் பேச்சு சரியாக வராது, சிப்பாய்க்கு இங்கிலீஷ் தெரியாது. அவன் சொன்னதை இவனுக்கும், இவன் மனதில் உள்ளதை அவனுக்கும் எடுத்துச்சொல்ல ஆள் வேண்டியிருந்தது. சிப்பாயாகச் சேர்ந்து படிப்படியாக உயர்ந்த நம்மவர்களை வைசிராய் கமிஷன் அதிகாரிகள், அதாவது வைசிராயின் நியமனம் பெற்றவர்கள், என்று நடுவில் வைத்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு அவர்களே ஜே.சி.ஓ.க்கள் (ஜூனியர் கமிஷன் அதிகாரிகள்) ஆனார்கள். அவர்களில் கீழ்ப்படியான ஜமேதார் என்ற பெயர் மட்டும் 1965இல் நாயிப் சுபேதார் என்று மாறியது. பேச்சு போய்ச் சேருவதற்காகவே உண்டான பதவி அது. இன்றைக்கு அதிகாரியும் நம்மவர்தான், ஆனாலும் அந்த வேலை தீரவில்லை. அகாடமியை விட்டு நேற்று வந்த பையனுக்கு, எந்தச் சிப்பாய் ஏன் இரண்டு நாளாக முகம் வாடியிருக்கிறான் என்று தெரியாது. சுபேதாருக்குத் தெரியும்.

சல்யூட் கீழிருந்து மேலே போகிறது என்பதைத் தம்பி சொல்லியிருக்கிறான். அந்த லெப்டினன்ட் சுபேதாரை எப்படிக் கூப்பிடுகிறார் என்று கேட்டுப்பாருங்கள். பெயர் சொல்லமாட்டார், ‘சுபேதார் சாப்’ என்றுதான் கூப்பிடுவார். சல்யூட் அந்தப் பையனின் வயதுக்கு இல்லை, குடியரசுத் தலைவர் கொடுத்த கமிஷனுக்கு. ‘சாப்’ என்பது சுபேதாருடைய இருபத்தைந்து வருஷ அனுபவத்துக்கு. நமக்கு இது புதிதா? அஞ்சு வயசுப் பையனையும் ‘வாங்க சாமி’ என்கிற ஊர்தானே இது. நம் பேச்சில் ‘ங்க’ எப்போதும் இரண்டு பக்கமும் போகும்.

பதவிப் பெயர்கள் வெளியாளைக் குழப்பும் என்பது நிஜம். தரைப்படையில் கேப்டன் என்றால் மூன்று நட்சத்திர இளம் அதிகாரி. கோவை ரெட்ஃபீல்ட்ஸில், கடலே இல்லாத ஊரில், கப்பற்படையின் ஐ.என்.எஸ். அக்ரணி என்ற பயிற்சி நிலையம் இருக்கிறது. அங்கே ஒருவர் கேப்டன் என்றால் அவர் தரைப்படைக் கர்னலுக்குச் சமம். 

இப்போது என் சொந்த அனுபவம் ஒன்று. எங்கள் தோட்டத்துக்குத் தடப்பள்ளி வாய்க்கால் பாசனம். பத்தாவது படித்தபோது ஒருநாள் அப்பா, “ரெண்டு மணிக்கு மேக்கால மடையை அடைச்சுட்டு கீகால மடையைத் தெறந்து உடு” என்றார். “சரிங்ப்பா” என்றேன். நினைவு வேறெங்கோ இருந்தது. அடைக்கவேண்டியதைத் திறந்தே விட்டுவிட்டேன். தண்ணீர் ராத்திரி முழுக்கப் பக்கத்துத் தோட்டத்து மஞ்சளில் நின்றது. அந்த வருஷம் அவர்களுக்குக் கிழங்கு அழுகிப்போனது. அப்பா அடிக்கவில்லை. “சரிங்கன்னு சொல்லாத. நான் என்ன சொன்னேன்னு திருப்பிச் சொல்லு” என்றார். அன்றிலிருந்து வீட்டில் அதுதான் சட்டம்.

அம்மிணி, நம் ‘சரிங்க’வுக்கு எத்தனை அர்த்தம் என்று யோசித்துப் பாருங்கள். காதில் விழுந்தது என்றும் அர்த்தம், செய்கிறேன் என்றும் அர்த்தம், செய்யமாட்டேன் ஆனால் முகத்துக்கு நேரே சொல்லமாட்டேன் என்றும் அர்த்தம். ராணுவ ஒயர்லெஸ்ஸில் இது நடக்காது. ‘ரோஜர்’ என்றால் கேட்டுக்கொண்டேன், ‘வில்கோ’ என்றால் அப்படியே செய்கிறேன். இரண்டும் வேறு. காதில் விழாவிட்டால் ‘ரிபீட்’ என்று கேட்கக்கூடாது, ‘சே அகெய்ன்’ என்றுதான் கேட்கவேண்டும். பீரங்கிப் படையில் ‘ரிபீட்’ என்றால் அதே இடத்தில் இன்னொரு தடவை சுடு என்று ஆகிவிடும். உங்கள் தம்பி இரண்டே வார்த்தையில் பதில் சொல்வது மனம் வறண்டுபோனதால் இல்லை. ஒரு வார்த்தைக்கு ஒரே அர்த்தம் வைத்துப் பேசப் பழக்கியிருக்கிறார்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு உங்கள் கோபத்தில் உள்ள நியாயத்தையும் சொல்லவேண்டும். கட்டளை இறங்குகிற வேகத்தில் குறை மேலே ஏறுவதில்லை. ராணுவத்தின் பெரிய நோய் அதுதான் என்பது என் எண்ணம். அப்பா ஒருமுறை குளிர்ப்பிரதேச முகாமில் இருந்தார். கனத்த காலுறை போதவில்லை. செக்‌ஷன் கமாண்டர், அதாவது பத்துப் பேர் குழுவின் தலைவர், சொன்னார், அவருக்கு மேலே இருந்தவர் கொஞ்சம் குறைத்துச் சொன்னார், அதற்கு மேலே போகும்போது ‘சப் டீக் ஹை சாப்’ (எல்லாம் சரியா இருக்குதுங்க ஐயா) என்று ஆகிவிட்டது. மாதாமாதம் சைனிக் சம்மேளனம் என்று கமாண்டிங் ஆபீசர் எல்லாரையும் கூட்டி வைத்துக் குறை கேட்பார். அதில் ஒரு சின்னப் பையன் எழுந்து காலுறையைப் பற்றிக் கேட்டுவிட்டான். பத்து நாளில் காலுறை வந்தது. கேட்ட பையனுக்கு அந்த மாதம் முழுக்க ராத்திரிக் காவல் விழுந்தது. யார் போட்டது என்று அப்பா கடைசிவரை சொல்லவில்லை. ஆனால் தான் அன்றைக்கு எழுந்து அவனோடு நிற்கவில்லை என்பதைப் பலமுறை சொல்லியிருக்கிறார், அதைச் சொல்லும்போது தலையைத் தூக்கமாட்டார்.

அதற்காக இதை அடிமைத்தனம் என்று சொல்லிவிடாதீர்கள். 1950ஆம் வருஷத்து ராணுவச் சட்டம், கீழ்ப்படியாமையைத் தண்டிக்கிற 41ஆம் பிரிவிலேயே, ‘சட்டப்படியான கட்டளை’ என்றுதான் சொல்கிறது. தனக்கு அநீதி நடந்தது என்று நினைக்கிற சிப்பாய் கம்பெனி கமாண்டரிடம் புகார் சொல்ல 26ஆம் பிரிவு உரிமை தருகிறது. வழி இருக்கிறது. நடக்கத்தான் தைரியம் வேண்டும்.

லீவு வரிசை அவ்வளவு நீளம் இல்லை. செக்‌ஷனில் பத்துப் பேர், அவர்களுக்கு மேலே ஹவில்தாரோ நாயக்கோ. பிறகு சில செக்‌ஷன்கள் சேர்ந்த பிளாட்டூனின் சுபேதார் சாப், பிறகு கம்பெனி கமாண்டர். சிப்பாய்க்கு வருஷத்துக்கு 60 நாள் வருடாந்திர லீவும் 30 நாள் கேஷுவல் லீவும் உண்டு. எல்லாரும் ஒரே மாதத்தில் கேட்டால் காவலுக்கு ஆள் வேண்டுமே, அதனால்தான் கீழே இருக்கிறவருக்கு முதலில் தெரியவேண்டும். தம்பி நேராகக் கம்பெனி கமாண்டரான மேஜரிடம் போனாலும் மேஜர் சுபேதாரைத்தான் கூப்பிட்டுக் கேட்பார். அவருக்கு அப்போதுதான் விஷயமே தெரிகிறது என்றால் தம்பிக்காக அவர் என்ன பேசமுடியும்?

நீங்கள் செய்யவேண்டியது ஒன்று. ‘அப்பாவுக்கு முடியல, சீக்கிரம் வா’ என்று போனில் அழாதீர்கள். முன்னே ‘மதர் சீரியஸ்’ என்று பொய்த்தந்தி அடித்து லீவு வாங்கியவர்கள் நிறையப் பேர், அதனால் வெறும் பேச்சுக்கு அங்கே மதிப்பு குறைவு. டாக்டர் கையெழுத்தும் ஆபரேஷன் தேதியும் உள்ள ஆஸ்பத்திரிக் காகிதத்தை இப்போதே போட்டோ எடுத்து அனுப்புங்கள். ஒரு நகலை, தம்பியின் ராணுவ எண்ணும் யூனிட் பெயரும் எழுதி, ஈரோட்டில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கொடுங்கள். பணியில் இருக்கிறவர்களின் குடும்பத்துக்கும் அவர்கள் உதவுவார்கள். தம்பியை இன்றைக்கே சுபேதார் சாப்பிடம் வாயால் சொல்லிவைக்கச் சொல்லுங்கள். போனில் அவன் ‘சரிக்கா’ என்று மட்டும் சொன்னால் விடாதீர்கள். ஆபரேஷன் என்ன தேதி, யாரிடம் சொல்லப்போகிறான் என்று திருப்பிச் சொல்லவைத்துவிட்டு வையுங்கள்.