விக்டோரியா ஏரியின் ருபொண்டோ தீவில் சஃபாரி முகாமில் தங்குவது எப்படி இருக்கும்? என்னென்ன தயார் செய்துகொள்ள வேண்டும்?

சிங்கம் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் ருபொண்டோவுக்குப் போகாதீர்கள். அந்த நாட்களையும் செரங்கெட்டியிலேயே கழித்துவிடலாம். ஏரியின் தென்மேற்கு மூலையில் இருக்கும் இந்தத் தான்சானியத் தீவில், முதலையைத் தவிர, வேட்டையாடும் பெரிய மிருகங்களே இல்லை. 1977 முதல் தேசியப் பூங்கா. காட்டுக்குள் நடப்பது, கரையோரமாகப் படகில் ஊர்வது, முக்கியமாக இந்த இரண்டும்தான். பாதி நேரம் எதுவும் கண்ணில் படாது. அதைப் பொறுத்துக்கொள்பவர்களுக்கான இடம்.

முதல் விஷயம், மூன்று இரவு. அதற்குக் குறைத்துப் பதிவு செய்யாதீர்கள். காரணம் சிம்பன்சி. 1966 முதல் 1969 வரை, ஐரோப்பிய மிருகக்காட்சிசாலைகளிலும் சர்க்கஸ்களிலும் இருந்த 17 சிம்பன்சிகளை ஃபிராங்க்ஃபர்ட் விலங்கியல் கழகம் இங்கே கொண்டுவந்து விட்டது. கூண்டில் கிடந்தவை காட்டில் பிழைத்துப் பெருகிவிட்டன. இப்போது இருப்பவை அவற்றின் வாரிசுகள். அடர்ந்த காடு, கூட்டம் தினமும் இடம் மாறும். ஒரே ஒரு காலைப் பொழுதை நம்பிப் போனால் சத்தம் மட்டும் கேட்டுவிட்டுத் திரும்ப வேண்டியிருக்கும். இரண்டு காலைகளாவது கையில் இருக்கட்டும். சளி, இருமல் இருந்தால் போகவே கூடாது, நம் சளி அவற்றைக் கொன்றுவிடும்.

என்னைக் கேட்டால் சிம்பன்சியைவிட சிட்டாடுங்கா மான்தான் இந்தத் தீவின் விசேஷம். சதுப்பில் வாழும் மான். குளம்பு வாழைப்பூ மடல்போல நீண்டு விரிந்திருக்கும். அதனால்தான் சேற்றில் புதையாமல் நடக்கிறது. பயந்தால் மூக்கு மட்டும் வெளியே தெரிய நீரில் அமிழ்ந்துவிடும். விடிந்ததும் படகில் போய், பாப்பிரஸ் கோரைக்கு எதிரே மோட்டாரை அணைத்துவிட்டு அசையாமல் உட்காரச் சொல்லுங்கள். படகோட்டி அவசரப்பட்டால் ஒன்றும் தெரியாது.

போய்ச் சேர இரண்டு வழி. செரங்கெட்டியிலிருந்தோ ஏரிக்கரை நகரமான ம்வான்சாவிலிருந்தோ சிறிய விமானம். அல்லது ம்வான்சாவிலிருந்து கெய்டா வழியாகக் காரில் போய்ப் படகு. கசெண்டா துறையிலிருந்து ஏறினால் அரை மணி நேரத்துக்குள் தீவு. ந்கோமேயிலிருந்து ஏறினால் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். படகை முற்பகலில் வைத்துக்கொள்ளுங்கள். பகலில் நிலம் சூடேற ஏறக் காற்று ஏரியிலிருந்து கரைக்கு வீசும், மதியத்துக்கு மேல் அலை எழும்பும். இரவில் இது தலைகீழ். நாலாபுறக் குளிர்காற்றும் ஏரியின் நடுவே முட்டிக்கொண்டு மேலே எழுவதால் இடிமழை பெரும்பாலும் நள்ளிரவுக்குமேல், விடியற்காலை வரை. வானம் கறுத்திருந்தால் படகோட்டி கிளம்ப மறுப்பார்; அவரிடம் வாதாடாதீர்கள். லைஃப் ஜாக்கெட் இல்லாத படகில் ஏறாதீர்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை குறைவு.

விமானத்தில் கைப்பையும் சேர்த்துப் பெரும்பாலும் 15 கிலோதான், அதுவும் துணிப்பையில். சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி அந்தச் சரக்குப் பொந்துக்குள் நுழையாது. துணியில் கருநீலமும் கறுப்பும் வேண்டாம். கடித்து ரத்தம் குடிக்கும் செட்ஸி ஈயைப் பிடிக்க வைக்கும் பொறியே நீலமும் கறுப்புமான துணிதான். அதே நிறத்தில் சட்டை போட்டுக்கொண்டு போவது ஈயை விருந்துக்குக் கூப்பிடுவதுதான். கொசு விரட்டி கிரீமை அது பெரிதாக மதிப்பதில்லை, மெல்லிய துணியையும் துளைத்துவிடும். காக்கி, சாம்பல் நிறத்தில் சற்றுத் தடித்த முழுக்கை சட்டைதான் தீர்வு. பிளாஸ்டிக் கேரி பேக் தான்சானியாவில் 2019 முதல் தடை. விமான நிலையத்திலேயே பிடுங்கிவிடுவார்கள்.

ஏரித் தண்ணீர் தெளிவாகத் தெரியும், இறங்கத் தோன்றும். இறங்காதீர்கள். முதலையும் நீர்யானையும் ஒருபுறம். மறுபுறம் நத்தைக் காய்ச்சல்: கோரை ஓரத்து நத்தைகளிலிருந்து வெளிவரும் கண்ணுக்குத் தெரியாத புழு, தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். படகிலிருந்து இறங்கும்போது முழங்கால் தண்ணீரில் நடப்பதும் இந்தக் கணக்கில் சேரும். நனைந்திருந்தால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்துப் பரிசோதனை செய்யுங்கள். உடனே மாத்திரை போட்டுப் பயனில்லை, ப்ராசிகுவான்டெல் வளர்ந்த புழுவைத்தான் கொல்லும். மலேரியா மாத்திரையையும் மருத்துவரிடம் கேட்டு ஊரிலேயே தொடங்கிவிடுங்கள். டாக்ஸிசைக்ளின் என்றால் திரும்பி வந்த பிறகும் நான்கு வாரம் தொடர வேண்டும். பலர் வீடு வந்ததும் நிறுத்திவிட்டுத்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

இந்தியாவிலிருந்து நைரோபி, அடிஸ் அபாபா வழியாகப் போய் அங்கே வெளியில் தங்கினால் மஞ்சள் காய்ச்சல் ஊசிச் சான்றிதழ் அவசியம். இல்லையென்றால் திரும்பும்போது தனிமைப்படுத்திவிடுவார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் ஆனபிறகே சான்றிதழ் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள்.

தங்க, தனியார் முகாம் ஒன்றும் ககேயேயில் பூங்கா நிர்வாகத்தின் குடில்களும் உண்டு. குடில் மலிவு, ஆனால் சாப்பாட்டுக்கு வேண்டியதை ம்வான்சாவிலேயே வாங்கிக்கொண்டு போக வேண்டும். பூங்காக் கட்டணத்துக்குக் கார்டு வேண்டும், ரொக்கம் வாங்கமாட்டார்கள். தனியார் முகாமிலும் சாமான் வெளியிலிருந்துதான் வருகிறது, தீவில் கடை கிடையாது. சைவம் என்றால் பதிவு செய்யும்போதே ‘மீனும் சாப்பிடமாட்டோம்’ என்று தனியாக எழுதுங்கள். ஏரிக்கரையில் சாட்டோ மீனைக் கறிக்கணக்கில் சேர்க்காதவர்களும் உண்டு.

இருட்டியபின் தனியாக அறைக்கு நடக்காதீர்கள். நீர்யானை புல் மேய மேலே வரும். அதற்கும் தண்ணீருக்கும் நடுவில் நீங்கள் நின்றால் நேராக உங்கள் மீதுதான் ஓடும். அஸ்கரி என்னும் காவலாளியைக் கூப்பிட்டால் டார்ச்சுடன் வந்து கூட்டிப்போவார். விளக்கைப் போட்டுவிட்டுக் கதவைத் திறந்து வைத்தால் ஏரி ஈக்கள் உள்ளே குவியும். கடிக்காது, ஆனால் காலையில் கூட்டி அள்ள வேண்டும்.

ஊருக்குத் திரும்பும் விமானத்தை, தீவிலிருந்து கிளம்பும் அதே நாளில் வைக்காதீர்கள். அங்கே தார் போட்ட ஓடுதளம் கிடையாது. இரவு கனமழை பெய்தால் விமானம் சில மணி நேரம் தள்ளிப்போகும். நடுவில் ம்வான்சாவிலோ அருஷாவிலோ ஓர் இரவு தங்கிவிடுங்கள்.