மூன்றும் 941 காட்டினால் எது வேகம்?

கேள்வி: ஒரே பழைய டெஸ்க்டாப்பில் டெபியன் (லினக்ஸ்), ஃப்ரீபிஎஸ்டி, ஓப்பன்பிஎஸ்டி என்ற மூன்று ஆபரேட்டிங் சிஸ்டங்களையும் மாற்றி மாற்றிப் போட்டு, பக்கத்து மெஷினுக்கு ஐபெர்ஃப் என்ற வேகம் அளக்கும் புரோகிராமை ஓட்டிப் பார்த்தேன். மூன்றிலும் நொடிக்கு 941 மெகாபிட்தான் வருகிறது. அப்போ நெட்வொர்க் விஷயத்தில் மூன்றும் ஒன்றுதானா? (ஈரோடு வாசகர்)

பதில்: 941 என்று படித்ததுமே சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அது கேபிளின் எண். 1500 பைட் பாக்கெட் (டேட்டாத் துண்டு) ஒன்று லைனில் போகும்போது ஈதர்நெட் தலைப்பு, முன்னால் பின்னால் விடும் இடைவெளி எல்லாம் சேர்ந்து 1538 பைட் இடத்தைப் பிடிக்கும். ஐபி, டிசிபி என்ற இணைய நெறிமுறைகளின் தலைப்புகளும் டைம்ஸ்டாம்பும் போக அதில் உங்கள் டேட்டா 1448 பைட். 1448ஐ 1538ஆல் வகுத்துப் பாருங்கள், 0.941. கிகாபிட் (1000 மெகாபிட்) லைன் நிரம்பிவிட்டது, அதற்கு மேல் எந்த சிஸ்டமும் தள்ள முடியாது, அவ்வளவுதான். ஒரு காலத்தில் நானே இரண்டு சிஸ்டங்களை ஒரு வாரம் ஒப்பிட்டு, ஒன்று 94ஐத் தாண்டவில்லை என்று டிரைவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால் பேட்ச் கேபிளில் ஒரு கம்பி விட்டுப்போய் லிங்க் 100 மெகாபிட்டுக்கு இறங்கியிருந்தது.

வித்தியாசம் தெரிய வேண்டுமானால் பாக்கெட்டைச் சின்னதாக்குங்கள். 64 பைட் பாக்கெட் என்றால் அதே கிகாபிட் லைனில் நொடிக்கு 14.88 லட்சம் போகும், ஒவ்வொன்றுக்கும் கெர்னல் (சிஸ்டத்தின் மையப் பகுதி) தனித்தனியாக வேலை செய்தாக வேண்டும். பழைய மெஷின் அங்கேதான் மூச்சு வாங்கும்.

கேள்வி: வீட்டில் 300 மெகாபிட் இணைப்பு. அமெரிக்காவில் உள்ள வாடகை சர்வரிலிருந்து பெரிய ஃபைல் இறக்கினால் லினக்ஸில் 100 வரை போகிறது, ஃப்ரீபிஎஸ்டியில் 65ஐத் தாண்ட மறுக்கிறது. பிங் 230 மில்லிசெகண்ட். ஃப்ரீபிஎஸ்டியின் டிசிபி மோசமா? (மதுரை வாசகர்)

பதில்: பிங் எண்ணையும் சேர்த்து எழுதினீர்களே, பாதி வேலை முடிந்தது. அனுப்பிய டேட்டாவுக்கு ரசீது வந்து சேர 230 மில்லிசெகண்ட் ஆகிறது. அதுவரை எவ்வளவு டேட்டாவை வழியில் விட்டுவைக்கலாம் என்பதை உங்கள் பக்கத்து ரிசீவ் பஃபர், அதாவது வரும் டேட்டாவைத் தற்காலிகமாக வைக்கும் நினைவக இடம்தான் முடிவு செய்கிறது. ஃப்ரீபிஎஸ்டியில் அதன் உச்சவரம்பு நெடுநாளாக 2 எம்பி. 2 எம்பியை 0.23 நொடிக்கு ஒரு தடவை என்று கணக்குப் போட்டால் 70 மெகாபிட் சுமாருக்கு வரும், நடைமுறையில் இன்னும் கொஞ்சம் குறையும். லினக்ஸில் டீஃபால்ட் உச்சவரம்பு வெகுகாலம் 6 எம்பியாக இருந்தது (புதிய கெர்னல்களில் கூட்டிவிட்டார்கள்), ஆனால் அதில் ஒரு பகுதி கெர்னலின் சொந்தச் செலவுக்குப் போய்விடுவதால் உங்களுக்கு 100 கிடைக்கிறது. 300ஐ நிரப்ப 9 எம்பிக்குக் குறையாமல் வேண்டும், ஆக லினக்ஸும் அங்கே பாஸ் மார்க் வாங்கவில்லை. கெர்னல் அமைப்புகளை மாற்றும் சிஸ்கண்ட்ரோல் (sysctl) கட்டளையில் டிசிபி ரிசீவ் பஃபரின் உச்சத்தையும், கூடவே மொத்த சாக்கெட் (புரோகிராம் நெட்வொர்க்கோடு பேசும் முனை) பஃபர் உச்சத்தையும் 16 எம்பி ஆக்குங்கள் (ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு "ஒன்றும் நடக்கவில்லை" என்று எழுதுபவர்கள் நிறைய). அப்புறம் சர்வர் பக்கத்து சென்ட் பஃபரையும் பாருங்கள்.

கேள்வி: 2003இல் வந்த ஒரு ஒப்பீட்டில் ஓப்பன்பிஎஸ்டி கடைசி இடம் என்று நண்பர் இன்னமும் சொல்லிக் காட்டுகிறார். அலுவலக ஃபயர்வாலுக்கு அதைப் போடலாமா? (பெயர் வேண்டாம், சென்னை)

பதில்: ஜெர்மனியின் ஃபெலிக்ஸ் ஃபான் லைட்னர் செய்த சோதனையைச் சொல்கிறார். நல்ல சோதனை அது. மொத்த வேகத்தை விட்டுவிட்டு, ஏற்கெனவே ஆயிரக்கணக்கில் சாக்கெட் திறந்திருக்கும்போது இன்னொன்றைத் திறக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தார். லினக்ஸ் 2.6இல் எத்தனை திறந்தாலும் நேரம் ஏறவில்லை. வேறு சிலவற்றில், பழைய வரிசையை ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து தேடுகிற மாதிரி, கோடு மேலே ஏறிக்கொண்டே போனது. அதில் எனக்குப் பிடித்தது நெட்பிஎஸ்டி என்ற இன்னொரு சிஸ்டத்தின் ஆட்கள்தான்: குறையைப் பார்த்ததும் சண்டைக்கு வராமல் சீக்கிரமே சரிசெய்துவிட்டார்கள், அவரும் மறுபடி அளந்து போட்டார். ஆக ஒரே வருடத்திலேயே அந்தப் பட்டியல் மாறிவிட்டது. 20 வருடம் கழித்து அதை வைத்து என்ன வாதம்?

ஃபயர்வால் விஷயம் வேறு. பிஎஃப் என்ற பாக்கெட் வடிகட்டி 2001இல் ஓப்பன்பிஎஸ்டியில் பிறந்தது, விதி எழுதும் முறை இன்றும் அங்கேதான் அழகு. ஆனால் அங்கே பாக்கெட் வேலை வெகுகாலம் ஒரே பெரிய பூட்டுக்குள் நடந்தது. பிராசசரில் எட்டு கோர் இருந்தாலும் ஒன்றுதான் உழைக்கும். பூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பிரித்து வருகிறார்கள். அதே பிஎஃபை எடுத்துப்போன ஃப்ரீபிஎஸ்டி, 10ஆம் பதிப்பிலேயே பல கோர்களில் ஓடும்படி மாற்றிக்கொண்டது. உங்கள் அலுவலகத்து இணைப்பு 200, 500 மெகாபிட் என்றால் ஓப்பன்பிஎஸ்டியைத் தயங்காமல் போடுங்கள். 10 கிகாபிட் என்றால் நான் ஃப்ரீபிஎஸ்டி அல்லது லினக்ஸ் பக்கம் போவேன். நெட்ஃப்ளிக்ஸ் ஒரே ஃப்ரீபிஎஸ்டி சர்வரிலிருந்து 400 கிகாபிட் அனுப்பியதைச் சொல்லி நண்பர் அடுத்து வருவார். அது நெட்வொர்க் கார்டே டிஎல்எஸ் (இணையத்தில் டேட்டாவை மறைத்து அனுப்பும் முறை) குறியாக்கம் செய்து தரும் தனி ஏற்பாடு, உங்கள் ரூட்டர் பெட்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.