கால்பந்தில் நட்சத்திரத் தடுப்பாட்டக்காரருக்கு நீண்டகால ஒப்பந்தம் தரலாமா?

வயதைப் பார்த்துத் தரலாம். நீண்டகால ஒப்பந்தம் என்றால் நான்கைந்து வருடத்துக்குச் சம்பளம் உறுதி. ஐரோப்பாவில் 1995இல் போஸ்மன் என்ற வீரரின் வழக்கில் வந்த தீர்ப்புக்குப் பிறகு, ஒப்பந்தம் முடிந்த வீரர் பழைய கிளப்புக்குப் பைசா கிடைக்காமலே வேறு கிளப்புக்குப் போய்விடலாம். அந்தப் பயத்தில்தான் முன்கூட்டியே நீட்டிக்கிறார்கள்.

பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பைக் குத்தகைக்கு எடுப்பது போலத்தான் இதுவும். காய்ப்பு குறைந்தாலும் பேசிய பணத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். தடுப்பாட்டக்காரருக்கு வயதானால் முதலில் போவது வேகம். எங்கே நிற்க வேண்டும் என்கிற அறிவு போகாது. சரி, தலைக்கு மேலே பந்து பின்னால் போய்விட்டால் திரும்பி ஓட வேண்டுமே! 2025இல் இங்கிலாந்தின் லிவர்பூல் கிளப் தன் 33 வயதுத் தடுப்பாட்டக்காரர் வான் டைக்குக்கு இரண்டே வருடம்தான் நீட்டித்தது. என்னைக் கேட்டால் அதுதான் கணக்கு.

ஐந்து வருட ஒப்பந்தம் என்றால் ஐந்து வருடமும் இங்கேயே ஆடுவார் என்று அர்த்தமில்லை. நடுவில் யாராவது கேட்டு வந்தால் நல்ல விலைக்கு விற்கவும் அது உதவும்.